வைரஸ் போய் எட்டு மாதம். களைப்பும் மனச்சோர்வும் ஏன் இன்னும் போகவில்லை?

#1 கீழ்வானம்

வணக்கம். இங்கே வெகுகாலமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 46. ஹெபடைட்டிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். எப்படி வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சின்ன வயதில் ஓர் அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏற்றினார்கள். இந்த வைரஸையே 1989-ல்தான் அடையாளம் கண்டார்கள் என்பதால் அப்போது ஏற்றிய ரத்தத்தில் அதைத் தேடிப் பார்க்க வழியே இல்லை. ஆக, முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்திருக்கிறது. போன வருஷம் சர்க்கரைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கல்லீரல் என்சைம்கள் ஏறியிருப்பதைக் கவனித்து மேலும் சோதித்ததில் தெரியவந்தது. வைரஸின் வகை ஜீனோடைப் 3. ஈரல் சுருக்கம் இல்லை, நடுத்தர அளவில் தழும்பு.

சோஃபோஸ்புவிர்-வெல்படஸ்விர், தினம் ஒரு மாத்திரை, 12 வாரம். முடித்து 12 வாரம் கழித்து வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனையில் வைரஸ் இல்லை. டாக்டர் கைகுலுக்கி அனுப்பினார்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி 7.9-லிருந்து 5.9-க்கு வந்திருக்கிறது, அது சந்தோஷம். ஆனால் 78-ல் இருந்த எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 141 ஆகிவிட்டது. எடை 5 கிலோ கூடிவிட்டது. காலையில் எழும்போதே அசதி. மண்டைக்குள் ஒரு மூட்டம், படித்த வரியையே திரும்பப் படிக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கை லேசாக நடுங்கும், வியர்க்கும், யார் பேசினாலும் எரிந்து விழுவேன். ஏதாவது வாயில் போட்டுக்கொண்டால் அடங்கும், அதனால் கொறித்துக்கொண்டே இருக்கிறேன். எதிலும் பிடிப்பு இல்லை. "நோய்தான் போயிடுச்சே, இன்னும் என்ன?" என்று மனைவி கேட்கிறாள். கோபத்தில் கேட்பதில்லை, அவளுக்கும் புரியவில்லை.

கேள்வி இதுதான். இது வைரஸ் விட்டுப்போன சேதமா, இல்லை எல்லாம் என் மனசா?

#2 நேர்கோடு

46 வயது, சர்க்கரை, எடை ஏற்றம், உற்சாகமில்லாத மனநிலை. இதை விளக்க வைரஸ் எதற்கு? உலகத்தில் பாதிப் பேருக்கு இதே பட்டியல் இருக்கிறது. குணமானதற்கு வாழ்த்துகள்.

#3 ஆய்வகப்பூனை

நேர்கோடு அவசரப்படுகிறார். கீழ்வானம் சொன்ன எண்கள் தற்செயலாக ஏறி இறங்கியவை அல்ல. எதிரெதிர்த் திசையில் போவதைக் கவனித்தீர்களா? சர்க்கரை இறங்குகிறது, கொலஸ்ட்ரால் ஏறுகிறது. வெறும் எடை ஏற்றமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும். இது ஹெபடைட்டிஸ் சி விலகும்போது விட்டுப்போகும் கையெழுத்து.

ஏன் என்று சொல்கிறேன். (நான் மருத்துவர் இல்லை, ஆய்வகத்தில் குப்பிகளோடு குடும்பம் நடத்துகிறவள்.)

கல்லீரல் கொழுப்பை உடம்புக்கு அனுப்பும்போது விஎல்டிஎல் என்ற பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. ரத்தத்தில் போகப்போக அதுதான் எல்டிஎல் ஆகிறது. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இந்தப் பொட்டலம் கட்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே பொட்டலத்தில் தன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வெளியேறுகிறது. கொழுப்புப் போர்வை இருப்பதால் நம் எதிர்ப்பணுக்களுக்கும் எளிதில் பிடிபடுவதில்லை. இந்தக் குளறுபடியில் ஒழுங்கான பொட்டலங்கள் குறைந்து, கொழுப்பு ஈரலிலேயே தேங்குகிறது. ஜீனோடைப் 3-ல் இது இன்னும் அதிகம். மற்ற வகைகளில் ஈரல் கொழுப்புக்கு எடையும் சர்க்கரையும் பெரிய காரணம், 3-ல் வைரஸே நேரடிக் காரணம். ஆக உங்கள் பழைய 78 உங்களுடையதே அல்ல, வைரஸ் அமுக்கி வைத்திருந்த எண். மூடி போனதும் நிஜ அளவு மேலே வந்திருக்கிறது. அதற்காக விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. ரத்தக்குழாய்க்கு 141 என்பது 141-தான், சர்க்கரைக்காரருக்கு அது கூடுதல். "குணமான பிறகு ஏறியதுதானே" என்று சமாதானம் சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நேர் எதிர்க் கதை. இன்சுலின் செல்லின் கதவைத் தட்டியதும் உள்ளே சேதி கொண்டுபோகிற ஆள் ஐஆர்எஸ்-1 என்ற புரதம். இந்த வைரஸின் கோர் புரதம் அந்த ஆளைச் சீக்கிரமே சிதைத்துவிட வைக்கிறது. அழற்சியில் சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைனும் (எதிர்ப்புச் சக்தியின் தூதுப் புரதம்) சேர்ந்து அதே வழியை மறிக்கிறது. கதவு தட்டப்படுகிறது, உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கூடுதலாக வருவது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். வைரஸ் போனால் பலருக்குச் சர்க்கரை இறங்குகிறது. எல்லோருக்கும் அல்ல.

மூளை பற்றி எனக்கு முன்னால் சொல்ல வேண்டியவர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் வரட்டும்.

#4 இரவுப்பணி

கூப்பிட்டீங்களா பூனை. வந்துட்டேன்.

கீழ்வானம் தம்பி, முதல்ல ஒண்ணு நேரடியா கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. செத்துப்போயிடலாம்னு எண்ணம் வருதா? வந்தா இந்த இழையை மூடிட்டு இன்னிக்கே ஒரு டாக்டரைப் பாருங்க. மத்ததெல்லாம் பிறகு.

நான் செவிலி. இந்த மாத்திரையெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்துல வேலை பார்த்தவ. வாரம் ஒரு ஊசி, 24 வாரம், சிலருக்கு 48 வாரம். முதல் ராத்திரி குளிர் ஜுரம் தூக்கிப்போடும், அது பழகிடும். அப்புறம் ரெண்டாவது மூணாவது மாசத்துல ஆள் மாறுவாங்க பாருங்க, அது பழகாது. நல்லா சிரிச்சுப் பேசிட்டு வந்தவர் சுவரைப் பார்த்து உக்காந்திருப்பார். ஒருத்தர், பெயர் வேண்டாம், "சிஸ்டர், எனக்குத் துக்கம் இல்ல, ஆனா எல்லாம் சாம்பலா இருக்கு"ன்னார். ஏறக்குறைய நாலு பேருக்கு ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும்னு நாங்களே முன்கூட்டி வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வெச்சுடுவோம். அதனாலயே பாதியில் நிறுத்தினவங்க உண்டு.

இதுல கவனிக்க வேண்டியது, இன்டர்ஃபெரான் வெளியிலிருந்து வந்த விஷம் இல்ல. வைரஸ் வந்தா உடம்பே சுரக்கிற பொருள். அதைத்தான் கூடுதலா ஏத்தினோம். அப்போ வருஷக்கணக்கா வைரஸ் உள்ள இருந்தா, அதே பொருள் சின்ன அளவுல தினமும் ஊறிக்கிட்டே இருந்திருக்கும் இல்லையா? சாம்பல் அப்படியே மெதுவா படியும். அது தன்னோட சுபாவம்னே ஆள் நினைச்சுக்குவார்.

#5 பச்சையிலை

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எடுங்க. மனச்சோர்வுக்கு இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது.

#6 நெறியாளர்

#5-ஐ நீக்காமல் வைக்கிறேன், பதிலோடு சேர்த்துப் படிக்கட்டும் என்று. இந்த மூலிகை கல்லீரலின் மருந்துச் சிதைப்பு என்சைம்களையும் குடலின் மருந்து வெளியேற்றிகளையும் முடுக்கிவிடும். சோஃபோஸ்புவிர் சிகிச்சை நடக்கும்போது எடுத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கி சிகிச்சையே தோற்கலாம். பல எச்ஐவி மருந்துகளுக்கும் கருத்தடை மாத்திரைகளுக்கும் இதே கதி. மனநிலையைச் சீராக்கவும் வலிப்புக்கும் தரும் கார்பமசெபைனுக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்பதால், மனநல மருந்து எடுப்பவர்கள் வைரஸ் சிகிச்சை தொடங்குமுன் இரண்டு டாக்டர்களிடமும் முழுப் பட்டியலைக் காட்டுங்கள். "பக்கவிளைவு கிடையாது" என்ற சொற்றொடருக்கு இங்கே இனி இடமில்லை.

#7 நேர்கோடு

பூனையின் கொலஸ்ட்ரால் விளக்கத்தை ஏற்கிறேன். அது எண், அளக்கலாம். மனநிலைக்கு வரும்போதுதான் எனக்குத் தயக்கம்.

இரண்டு காரணம். ஒன்று, ஹெபடைட்டிஸ் சி இருக்கிறவர்களின் வாழ்க்கையில் வைரஸ் மட்டுமா இருக்கிறது? வறுமை, போதை ஊசி, சிறை, சொந்தக்காரர்கள் தட்டைத் தனியாக எடுத்து வைப்பது, வேலை போகுமோ என்ற பயம். இதெல்லாம் யாருக்கும் மனச்சோர்வு தரும். தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர்கள், தொற்று இருந்தும் அறியாதவர்களைவிடத் தங்கள் வாழ்க்கைத் தரத்தைக் குறைவாக மதிப்பிட்டதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அறிக்கைக் காகிதம் ஒன்றே போதும், மனிதனைக் கவிழ்க்க.

இரண்டு, எக்ஸ்எம்ஆர்வி ஞாபகம் இருக்கிறதா? நாள்பட்ட களைப்பு நோயாளிகளின் ரத்தத்தில் எச்ஐவி குடும்பத்துப் புது ரெட்ரோவைரஸ் இருக்கிறது என்று 2009-ல் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. ஜனங்கள் எச்ஐவி மருந்தை வாங்கி விழுங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அது ஆய்வக மாசு, எலிகளுக்குள் வைத்து வளர்த்த மனிதப் புற்றுநோய்ச் செல்களில் உருவானது. 2011-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். களைப்பாக இருக்கும் மனிதன் ஒரு காரணத்துக்கு ஏங்குகிறான், வைரஸ் ரொம்ப வசதியான காரணம்.

#8 ஆய்வகப்பூனை

எக்ஸ்எம்ஆர்வி எங்கள் துறையின் தழும்பு, மறக்க விடமாட்டீர்கள் போல. நியாயம்தான்.

உங்கள் முதல் காரணத்துக்குப் பதில், செவிலியக்கா சொன்னதிலேயே இருக்கிறது. இன்டர்ஃபெரானை ஹெபடைட்டிஸுக்கு மட்டும் கொடுக்கவில்லை, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்த வைரஸும் இல்லை, அதைச் சுற்றிய அவமானமும் இல்லை. அவர்களும் மனச்சோர்வில் விழுந்தார்கள். 2001-ல் வெளியான ஒரு சோதனையில், மெலனோமா நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஊசி தொடங்கும் முன்பே பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் மற்ற பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து வாங்கியவர்களில் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. வாழ்க்கைச் சூழல் எல்லாம் அப்படியேதான் இருந்தது. மாறியது வேதியியல்.

அந்த வேதியியலில் ஒரு பாதை ஓரளவு நன்றாகவே தெரியும். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் செரோட்டோனின் உருவாகிறது. ஆனால் இன்டர்ஃபெரான்கள் ஐடிஓ என்ற என்சைமை எழுப்பிவிடுகின்றன. அது டிரிப்டோஃபானை வேறு பக்கம் திருப்பி கைனுரெனின் ஆக்குகிறது. வயலுக்கு வரும் வாய்க்காலில் மடை மாற்றியது மாதிரி. செரோட்டோனினுக்குப் போகும் சரக்கு குறைவது ஒரு பக்கம். திருப்பிவிட்ட பக்கத்தில் கடைசியில் குயினோலினிக் அமிலம் உருவாகி நரம்புச் செல்களை அளவுக்கு மேல் தூண்டுவது இன்னொரு பக்கம். வளர்சிதை மாற்றமும் மனநிலையும் தனித்தனி என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு மடை போதும். ஓர் அமினோ அமிலத்தின் வரவுசெலவுதான் இரண்டும்.

உடம்பு இதை ஏன் செய்கிறது என்பது அதைவிடச் சுவாரசியம். 1988-ல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர் எழுதினார்: நோயுற்ற விலங்கு சுருண்டு படுப்பதும் இரை எடுக்காததும் கூட்டத்தை விட்டு ஒதுங்குவதும் பலவீனத்தால் அல்ல, அது உடம்பு வகுத்த திட்டம். ஜுரம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே உடம்பின் செலவு ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அந்தச் செலவுக்காக மற்ற எல்லாச் செலவையும் நிறுத்து, படு என்று சைட்டோகைன்கள் மூளைக்கு உத்தரவு போடுகின்றன. நாலு நாள் ஜுரத்துக்கு அருமையான ஏற்பாடு. முப்பது வருஷத்துக்கு?

#9 நேர்கோடு

மெலனோமா சங்கதி எனக்குத் தெரியாது. ஒரு படி இறங்கி வருகிறேன். ஆனால் ஊசியில் ஏற்றிய அளவும் உடம்பு தானே சுரக்கும் அளவும் ஒன்றா? இல்லை. அந்த இடைவெளியை நீங்கள் ஊகத்தால்தான் நிரப்புகிறீர்கள்.

#10 ஆய்வகப்பூனை

ஆமாம், ஊகம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஈரல் பெரிதாகக் கெடாத ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளின் மூளையைக் காந்த அதிர்வு நிறமாலை ஸ்கேனில் பார்த்தபோது வேதிப்பொருள் விகிதங்கள் மாறியிருந்தன, அது ஊகத்துக்கு ஒரு முட்டு. சுவர் இல்லை, முட்டுதான்.

#11 பதினாறாம்_ஆண்டு

உங்கள் சண்டைக்கு நடுவில் எச்ஐவிக்காரன் ஒருவன் நுழையலாமா?

கீழ்வானத்தின் கேள்வியை நான் பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரே வித்தியாசம், என்னுடையது விலகாது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கும், மற்றவருக்குப் பாலுறவில் பரவாது. ஆனால் மரபணுவுக்குள் பதுங்கியதை எந்த மாத்திரையும் தோண்டி எடுப்பதில்லை.

இதில் எது வைரஸ், எது மருந்து, எது நான் என்று பிரிக்க முயன்று தோற்றவன் நான். ஆரம்பத்தில் ஸ்டாவுடின் கொடுத்தார்கள். கன்னம் ஒட்டிப்போனது, கையில் நரம்பு புடைத்தது, வயிறு மட்டும் பெருத்தது. கொழுப்பு இடம் மாறிக் குடியேறிவிட்டது. கண்ணாடியில் நோயாளி முகம் தெரிந்தால் மனசு என்ன ஆகும்? (அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. எனக்கு அந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.) கூடவே எஃபாவிரென்ஸ். அதைப் போட்டவர்கள் ராத்திரிக் கனவைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். முழு வண்ணத்தில், ஒலியோடு வரும். பகலில் இருட்டு. ஒரு வருஷம் அதை என் சோகம் என்றே நம்பினேன். மருந்தை மாற்றிய மூன்றாம் வாரம் ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. இப்போது டோலுடெக்ராவிர். மனசு பரவாயில்லை, எடைதான் ஏறுகிறது.

அப்புறம் மருந்தும் வைரஸும் இல்லாத மூன்றாவது ஒன்று, ஓயாத அழற்சி. எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சிடி4 என்ற எதிர்ப்புச் செல்களைச் சூறையாடிவிடுகிறது. அந்த வேலி முழுசாகத் திரும்ப முளைப்பதில்லை. குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன, எதிர்ப்புச் சக்தி ஓயாமல் முறைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வைரஸ் அடங்கியிருக்கும் எங்களுக்கும் மாரடைப்பு சீக்கிரம் வருகிறது. 2023-ல் ரிப்ரீவ் என்ற பெரிய சோதனை முடிவு வந்தது. எச்ஐவி உள்ள, 40 முதல் 75 வயதுவரையான 7,769 பேர். சாதாரணமாக ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தை எழுதித் தரத் தேவையில்லாத ரகம். அதில் ஒரு வகையான பிட்டாவாஸ்டாட்டின் கொடுத்ததில் பெரிய இதய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. நான் கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தேன்.

தம்பிக்கு ஒரே வார்த்தை. "வைரஸா மனசா" என்று ரெண்டு பெட்டி வைக்காதீர்கள். மூணாவதாக மருந்துப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

#12 பாதிப்படி

கொரோனாவுக்குப் பிறகு நாலு வருஷமாக இப்படி இருக்கிறேன். மாடிப்படியில் பாதியில் உட்காருவேன், பெயர்க்காரணம் அதுதான். 2023-ல் வந்த ஓர் ஆய்வு பூனை சொன்ன கதையையே குடலிலிருந்து சொன்னது: தங்கிப்போன வைரஸ் துணுக்குகள், அதனால் ஓயாத இன்டர்ஃபெரான், அதனால் குடல் டிரிப்டோஃபானை உறிஞ்சுவது குறைந்து, ரத்தத்தில் செரோட்டோனின் இறங்குவது. எல்லா நீள்கொரோனாவுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, நேர்கோடு அடிக்க வராதீர்கள்.

#13 நேர்கோடு

அடிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. எந்தக் காரணமாக இருந்தாலும் நடைப்பயிற்சி நல்லதுதானே? சர்க்கரைக்கும் நல்லது, மனச்சோர்வுக்கும் நல்லது. கீழ்வானம் தினம் அரை மணி நடந்தால் பாதி தீரும்.

#14 பாதிப்படி

எனக்கு இப்படிச் சொன்ன ஆளை நம்பி நடந்துதான் ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். உழைப்புக்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மொத்தமாகச் சரிந்துவிடும் ஒரு ரகக் களைப்பு இருக்கிறது. சோம்பல் இல்லை, பயிற்சி இல்லாமல் உடம்பு தளர்ந்ததும் இல்லை. அந்த ரகத்துக்கு "கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ" என்பது தீங்கு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல் எழுதும் நைஸ் அமைப்பு 2021-ல் நாள்பட்ட களைப்பு நோய்க்கான வழிகாட்டலிலிருந்து படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை எடுத்தேவிட்டது.

கீழ்வானம், நடந்த மறுநாள் எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். லேசாகி வந்தால் நேர்கோடு சொல்வதைக் கேளுங்கள். சரிந்தால் என்னைக் கேளுங்கள்.

#15 நேர்கோடு

மன்னிக்கவும். இந்த வேறுபாடு எனக்குத் தெரியாது.

#16 தலைமாட்டில்

நான் நோயாளி இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள். அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி, ஈரல் சுருங்கிவிட்டது. போன மழைக்காலத்தில் பகலெல்லாம் தூங்குவார், ராத்திரி விழித்து உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைந்தது, எரிச்சல். ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று தூக்க மாத்திரை எழுதினார். போட்டதும் இன்னும் மோசம். எனக்குச் சந்தேகம் வந்தது கையெழுத்தில். காசோலையில் அப்பா போட்ட கையெழுத்தை வங்கியில் ஏற்கவில்லை, எழுத்துகள் இறங்கி இறங்கிப் போயிருந்தன.

அது ஈரல் செயலிழப்பு மூளையைப் பாதிக்கிற நிலை, ஹெபாட்டிக் என்செபலோபதி. ஈரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா தலைக்கு ஏறுகிறது. லாக்டுலோஸ் மருந்து கொடுத்து தினம் இரண்டு மூன்று முறை வயிறு போகும்படி வைத்ததும் நாலாம் நாள் அப்பா என்னிடம் சண்டை போட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

கீழ்வானம் சாருக்கு ஈரல் சுருக்கம் இல்லை என்கிறார், அதனால் இது அவருக்குப் பொருந்தாது. வேறு யாராவது படிப்பார்களே என்று எழுதுகிறேன். சுருக்கம் இருக்கிறவர்கள் தூக்க மாத்திரைக்கு முன் ஒருமுறை கேளுங்கள்.

#17 இரவுப்பணி

மகளே, அருமையா கவனிச்சிருக்கே. கையெழுத்தையும் கூட்டல் கழித்தலையும் நாங்க வார்டுல தினமும் பார்ப்போம்.

சரி, ராத்திரி டியூட்டில உக்காந்து கீழ்வானம் தம்பியோட முதல் பதிவை இன்னொரு தடவை படிச்சேன். பதினாறாம் ஆண்டு சொன்ன மருந்துப்பெட்டி மனசுல உறுத்திச்சு. நாம எல்லாரும் பெரிய பெரிய பாதையெல்லாம் பேசிட்டு முக்கியமான வரியை விட்டுட்டோம். சாயங்காலம் அஞ்சு மணி. கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், வாயில ஏதாவது போட்டா அடங்குது. தம்பி, சர்க்கரைக்கு என்ன மாத்திரை போடறீங்க? வைரஸ் போன பிறகு அந்த டோஸைக் குறைச்சாங்களா?

#18 ஆய்வகப்பூனை

அய்யோ. 5.9-ஐ நல்ல செய்தி என்று நானும் தலையாட்டிவிட்டேனே. ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி. 180-ம் 55-ம் மாறி மாறி வந்தாலும் சராசரி அழகாகத்தான் தெரியும்.

#19 கீழ்வானம்

முதலில் அக்காவின் முதல் கேள்விக்கு: இல்லை, அந்த எண்ணம் வரவில்லை. நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. வீட்டில் யாரும் கேட்கத் துணிந்ததில்லை.

மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரண்டு வேளை, கிளிமிபிரைடு 4 மி.கி. காலையில். இரண்டும் வைரஸ் இருந்தபோது, 7.9 வந்தபோது ஏற்றிய டோஸ். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஈரல் டாக்டர் ஈரலைப் பார்த்தார். சர்க்கரை டாக்டர் 5.9-ஐப் பார்த்துவிட்டு "பிரமாதம், இப்படியே தொடருங்க" என்றார். வைரஸ் போனதை நான் அவரிடம் சொன்னேனா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

#20 இரவுப்பணி

அதேதான். கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளியே தள்ளும், உடம்புக்குத் தேவையா இல்லையான்னு பார்க்காது. முன்னாடி வைரஸ் இன்சுலின் பேச்சை உள்ள விடல, அதனால இவ்வளவு தேவைப்பட்டுச்சு. இப்போ வழி திறந்திருக்கு, தள்ளுறது மட்டும் பழைய வேகத்துல. ஹெபடைட்டிஸ் சி மாத்திரையோட தகவல் தாள்லயே இருக்கு: சர்க்கரை உள்ளவங்களுக்கு வைரஸ் இறங்கும்போது சர்க்கரை சட்டுனு குறையலாம், டோஸை மாத்த வேண்டி வரலாம்னு.

நீங்களா நிறுத்தாதீங்க. இன்னிக்குச் சாயங்காலம் நடுக்கம் வரும்போது, எதையும் வாயில போடறதுக்கு முன்னாடி குளுக்கோமீட்டர்ல குத்திப் பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா உடனே 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி நேரம் கழிச்சு மறுபடி. எண்ணைக் குறிச்சு வெச்சு நாளைக்கே சர்க்கரை டாக்டருக்குப் போன் போடுங்க. ராத்திரி படுக்கும் முன்னாடியும் ஒரு தடவை பாருங்க. தூக்கத்துல இறங்கினா காலைல அசதியாத்தான் எழுந்திருப்பீங்க.

#21 கீழ்வானம்

5.10-க்குப் பார்த்தேன். 58.

மனைவிதான் மீட்டரைப் படித்தாள். எட்டு மாதமாக அந்த நேரத்தில் என்னிடம் திட்டு வாங்கியவள். ஒன்றும் சொல்லவில்லை, குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு அந்த எண்ணைக் காலண்டரில் எழுதினாள்.

#22 பதினாறாம்_ஆண்டு

58. அடேயப்பா.

#23 கீழ்வானம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார், மெட்ஃபார்மின் மட்டும். ஐந்து மணி நடுக்கம் நான்காம் நாளிலிருந்து இல்லை. கொறிப்பது நின்றது, எடை ஒன்றரைக் கிலோ இறங்கியிருக்கிறது. காலையில் எழும்போது முன்பு மாதிரிக் கல்லாக இல்லை. தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. பி12 குறைவு, அது மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் எடுப்பதாலும் வருமாம், ஊசி போடுகிறேன்.

மூட்டம் பாதி கலைந்திருக்கிறது, பாதி இருக்கிறது. நேர்கோடு கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மீதிப் பாதி எதனால் என்று எனக்குத் தெரியாது. மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் நாள் அவர் கேட்டது, "வைரஸ் இல்லாத உங்களை உங்களுக்கு எத்தனை வயதிலிருந்து ஞாபகம் இருக்கிறது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை.

#24 இரவுப்பணி

மெதுவா வரும் தம்பி. முப்பது வருஷம் படிஞ்சது மூணு வாரத்துல போகாது. ஒரு விஷயம், இனிமே எங்க ரத்தப் பரிசோதனை எடுத்தாலும் ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ்னுதான் வரும், பெரும்பாலும் ஆயுசு முழுக்க. பயப்படாதீங்க, திரும்ப வந்துட்டதுன்னு அர்த்தம் இல்ல. ஆர்என்ஏ அறிக்கையோட நகல் ஒண்ணைக் கூடவே வெச்சுக்குங்க.

#25 நேர்கோடு

நல்லது. அந்த 141 என்ன ஆயிற்று?

#26 கீழ்வானம்

ஸ்டாட்டின் எழுதியிருக்கிறார். வரும் செவ்வாய் ஆரம்பம்.